பாலத்துக் கணக்கு

ஜனவரி 5, 2025, ஞாயிறு

இன்று பாலம் இல்லை. ஜோகூர் வீட்டிலிருந்து சிங்கப்பூர் வேலைக்கு நான் தினமும் தாண்டுகிற பாலத்தைச் சொல்கிறேன்.

மலேசியாவின் ஜோகூரில் 2014-லிருந்து போன வருஷம் வரை வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. சிங்கப்பூரில் சனியும் ஞாயிறும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மகள் தமிழ்ப்பள்ளிக்குக் கிளம்பிவிடுவாள், நான் வீட்டில் தனியாகத் துணி துவைத்துக்கொண்டிருப்பேன். வெள்ளிக்கிழமை அவள் வீட்டில், நான் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸ் தொழிற்சாலையில். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது சனி ஒன்றுதான். அதையும் பாதி வாரம் ஓவர்டைம் தின்றுவிடும்.

இந்த ஜனவரி முதல் தேதியிலிருந்து ஜோகூரும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. இன்று காலை எட்டு மணிக்கு, வெயில் ஏறிய பிறகு, நிதானமாக மகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை வாரினேன். வகிடு நேராக வரவில்லை. பின்னல் போடுவதெல்லாம் அவள் பாட்டியின் வேலையாகவே இருந்ததால் என் கைக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. இரண்டு முறை அவிழ்த்துப் பின்னினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

இந்த வருஷம் பாலத்தில் போகும் நேரத்தை ஒவ்வொரு நாளும் குறித்து வைக்கப் போகிறேன். யாரிடமும் கொடுத்து நியாயம் கேட்பதற்காக இல்லை. என் நாளில் எவ்வளவு அங்கே போகிறது என்று எனக்கே தெரிய வேண்டும்.

ஜனவரி 6, திங்கள்

காலை 1 மணி 20 நிமிடம். மாலை 1 மணி 50.

3.40-க்கு எழுந்தேன். 4.15-க்கு ஜோகூரில் நான் குடியிருக்கும் ஸ்கூடாயிலிருந்து மோட்டாரைக் கிளப்பினேன். நெடுஞ்சாலையில் அந்த நேரத்துக்கே சிவப்பு விளக்குகள் வரிசையாகப் போகும். எல்லாம் நம்ம ஆட்கள்தான், மோட்டாரில் பைக்குள் சோற்று டப்பாவோடு. கஸ்டம் கட்டடத்துக்குள் ஏறி மலேசியக் குடிநுழைவைத் தாண்டுவதில் பெரிய சிரமம் இல்லை. அதற்கப்புறம்தான் பாலம்.

பாலம் பாலம் என்கிறோம், உண்மையில் அது பாலமே இல்லை. கடலுக்குள் கல்லைக் கொட்டி எழுப்பிய கரை. 1919-ல் வேலை தொடங்கி, 1924 ஜூனில் முறைப்படி திறந்தார்கள். சிங்கப்பூரின் புலாவ் உபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் கருங்கல் வந்தது. நீளம் 1,056 மீட்டர். சும்மா நடந்தால் கால் மணி நேரம்கூட ஆகாது. தினமும் 3 லட்சம் பேருக்கு மேல் இதன் வழியாகத்தான் போய் வருகிறோம்.

மோட்டார் வரிசையில் நிற்கும்போது எஞ்சினை அணைப்பதா வேண்டாமா என்பதுதான் பெரிய கேள்வி. அணைத்தால் முன்னால் ஒரு மீட்டர் நகரும், பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அணைக்காவிட்டால் புகை. முகக்கவசத்தைக் கழற்றிப் பார்த்தால் மூக்கு பட்ட இடம் சாம்பல் நிறத்தில் இருக்கும்.

சிங்கப்பூர் பக்கத்து உட்லண்ட்ஸ் குடிநுழைவுச் சாவடியில் கட்டைவிரல் வைக்க வேண்டும். என் விரல் முதல் தடவை ஏறியதே கிடையாது. தொழிற்சாலையில் பகல் முழுக்கக் கையுறை, நடுநடுவே ரசாயனம் போட்டுக் கழுவுவது. ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. மூன்றாவது, நான்காவது தடவைதான் பச்சை விளக்கு. அதுவரை பின்னால் இருப்பவர்களின் பெருமூச்சு முதுகில் படும்.

ஜனவரி 7, செவ்வாய்

காலை 1 மணி 10. மாலை 1 மணி 35.

ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுவிட்டன. பிரதமர்கள் அன்வாரும் லாரன்ஸ் வோங்கும் புத்ராஜெயாவில் நிற்கும் படம் மத்தியான இடைவேளையில் எல்லார் கைப்பேசியிலும் ஓடியது.

திரும்பும் வழியில் வரிசையில் மாசாய் அண்ணனைப் பார்த்தேன். பதினாறு வருஷமாகப் பாலம் தாண்டுகிறவர். பெயர் இன்றுவரை தெரியாது, மாசாயிலிருந்து வருகிறார் என்பதுதான் பெயர். "ஏம்மா, ஆர்டிஎஸ் வந்தா நீ மோட்டாரை விட்டுருவியா?" என்று கேட்டார்.

ஆர்டிஎஸ் என்பது ஜோகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கட்டும் புது ரயில். இடது பக்கம் அந்த ரயில் பாதை கடலுக்கு மேல் தூண் தூணாக நிற்பதை ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். ஜோகூர் பக்கம் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூர் பக்கம் உட்லண்ட்ஸ் நார்த் வரை 4 கிலோமீட்டர். ஐந்து நிமிடப் பயணம், ஒரு மணி நேரத்தில் ஒரு திசைக்கு 10,000 பேர். இரண்டு நாட்டுக் குடிநுழைவையும் ஏறும் இடத்திலேயே முடித்துவிடலாம். 2026 கடைசியில் ஓட வேண்டும் என்பது திட்டம். நான் அதை மனசார வரவேற்கிறேன். ஆனால் ஸ்கூடாயிலிருந்து புக்கிட் சாகாருக்கு எப்படிப் போவது? ஏழு மணி ஷிப்டுக்கு முன்னால் அந்தப் பக்கம் நிலையத்திலிருந்து தொழிற்சாலைக்கு எது கொண்டுபோய் விடும்? காலை நாலரைக்கு வண்டி உண்டா? மோட்டார் நிறுத்த மலிவாக, நிறைய இடம் வேண்டும். அது இல்லையென்றால் மோட்டார்காரர்கள் இதே கரையில்தான் நிற்போம்.

ஜனவரி 10, வெள்ளி

காலை 1 மணி 55. மாலை 3 மணி 5.

நாள் முழுக்க மழை. விடாத மழை. பருவக்காற்று மழை என்றால் ஒரு பொழுதாவது ஓயும். இது ஓயவே இல்லை.

மாலையில் பாலத்துக்கு நடுவில் மோட்டார் நின்றுவிட்டது. ஸ்பார்க் பிளக்கில் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். உதைத்து உதைத்துப் பார்த்தேன். தள்ளிக்கொண்டு போகலாம் என்றால் மழைக்கோட்டு காலைத் தடுக்கிறது, பக்கத்தில் வண்டிகள் உரசிக்கொண்டு போகின்றன. ஐந்து நிமிடம் இருக்கும். பின்னாலிருந்து "ஏறி உக்காரும்மா" என்று குரல். மாசாய் அண்ணன்.

ஏறி உட்கார்ந்தேன். அவர் தன் மோட்டாரில் இருந்தபடியே இடது காலை நீட்டி, என் வண்டியின் பின் மிதிபடியில் பாதத்தை ஊன்றித் தள்ளிக்கொண்டே வந்தார். நான் ஹேண்டிலை மட்டும் பிடித்துக்கொண்டேன். எஞ்சின் சத்தமே இல்லாமல் என் வண்டி போகிறது, மழை ஹெல்மெட்டில் கொட்டுகிறது, பின்னால் அவர் ஒற்றைக் காலில் ஒரு வண்டியையும் ஓர் ஆளையும் சுமந்து வருகிறார். ஜேபி (ஜோகூர் பாரு) குடிநுழைவுக் கட்டடம் வரை அப்படியே வந்தோம். அந்தக் கால் எப்படி வலித்திருக்கும் என்று இப்போதுதான் நினைக்கிறேன், அங்கே கேட்கத் தோன்றவில்லை.

கட்டடத்துக்குள் ஒதுங்கி, பிளக்கைக் கழற்றித் துடைத்து ஊதிப் போட்டுக் கொடுத்தார். காலையில் என் விரல் ஏழு தடவை ஏறவில்லை என்று சொன்னேன். "நெத்தியில தேச்சுட்டு வை. எண்ணெய்ப் பசை இருக்கும்ல, ரேகை பிடிக்கும்" என்றார். பதினாறு வருஷத்து வித்தை.

ஜனவரி 14, செவ்வாய்

காலை 1 மணி 5. மாலை 1 மணி 40.

பொங்கல். இரண்டு பக்கமும் விடுமுறை இல்லை. அதிகாலை மூன்று மணிக்கே அடுப்பு மூட்டிப் பால் பொங்கவிட்டோம். மகள் தூக்கக் கண்ணோடு எழுந்து வந்து "பொங்கலோ பொங்கல்" என்று சொல்லிவிட்டு மறுபடி போய்ப் படுத்துவிட்டாள். டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் எடுத்துப் போனேன், வரிசையில் மாசாய் அண்ணனுக்குக் கொடுக்கலாம் என்று. காணவில்லை. உடன் வேலை செய்யும் பிலிப்பினோ பெண்கள் சாப்பிட்டுவிட்டு என்ன பண்டிகை என்று கேட்டார்கள். அரிசிக்கும் சூரியனுக்கும் என்றேன். என் ஆங்கிலத்துக்கு அவ்வளவுதான் வந்தது.

நெற்றி வித்தை பலித்தது. இரண்டாவது தடவையில் பச்சை.

ஜனவரி 28, செவ்வாய்

மாலை மட்டும் எழுதுகிறேன். 3 மணி 40.

நாளை சீனப் புத்தாண்டு. அரை நாளோடு வேலை முடிந்தது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மலேசியச் சீனர்கள் இரவு குடும்ப விருந்துக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஈப்போ, மலாக்கா, குளுவாங் என்று எங்கெங்கோ ஊர்.

கார் வரிசை நகரவே இல்லை. பேருந்துகளிலிருந்து ஆட்கள் இறங்கிப் பெட்டியை உருட்டிக்கொண்டு ஓரமாக நடந்தார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தகப்பன். தண்ணீர்க் குழாய்களுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி, மாண்டரின் ஆரஞ்சுப் பெட்டியைக் கீழே வைத்து அதன் மேல் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மூடிக்கு வெளியே ஒரு பழத்தின் இலை நீட்டிக்கொண்டிருந்தது. நடந்து வந்த ஒரு மலாய்ப் பையன் எதுவும் பேசாமல் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். பாட்டி அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர்கள் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள், நான் மோட்டாரில் நின்றுகொண்டிருந்தேன்.

"அங்கேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கிடலாமே" என்று ஒரு தோழி எப்போதும் கேட்பாள். ஒரு சிங்கப்பூர் வெள்ளி, அதாவது டாலர், இங்கே 3 ரிங்கிட்டுக்கு மேல். வாடகையை அங்கே கொடுத்தால் அந்த வித்தியாசம் அங்கேயே கரைந்துவிடும். அப்புறம் எதற்கு இந்தப் பாடு? அதோடு, இன்று அந்தப் பாட்டி எதற்காக நடந்தாரோ அதற்காகத்தான் நானும் தினமும் வீட்டுக்கு வருகிறேன்.

ஜனவரி 31, வெள்ளி

காலை 40 நிமிடம். மாலை 1 மணி. புத்தாண்டு விடுப்பில் பாதிப் பேர் இன்னும் ஊரில்.

1942-ல் இதே தேதியில்தான் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை இந்தக் கரையை வெடி வைத்துத் தகர்த்தது. ஜோகூரிலிருந்து சிங்கப்பூருக்குத் தண்ணீர் போன குழாயும் அதோடு போனது. உடைப்பு ஏறத்தாழ 70 அடி. ஜப்பானியர் ஒரு வாரம் கழித்துப் படகில் கடந்துவிட்டார்கள், பிறகு கரையையும் அடைத்துவிட்டார்கள்.

எங்கள் காலத்து உடைப்புக்கு வெடி தேவைப்படவில்லை. 2020 மார்ச் 16 இரவு மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தார்கள், 18-ஆம் தேதியிலிருந்து எல்லை அடைப்பு. 17-ஆம் தேதி பாலத்தில் எதிர்த்திசையில் கூட்டம். வேலையைக் காப்பாற்ற எல்லாரும் சிங்கப்பூருக்குள் ஓடினோம். இரண்டு வாரம் என்றார்கள், நான்கு உடுப்போடு போனேன். மகளுக்கு அப்போது மூன்று வயது.

உட்லண்ட்ஸ் கடலோரப் படகுத்துறைக்கு ஞாயிறுதோறும் போய் நிற்பேன். எதிரே ஜேபி. கட்டடங்களில் சன்னலை எண்ணலாம், அவ்வளவு பக்கம். மாலையில் ஒவ்வொன்றாக விளக்கு எரியும். வீட்டுக்காரர் தொலைபேசியில் "இப்ப எங்க நிக்கிற?" என்பார். சொல்வேன். அப்புறம் இரண்டு பேரும் பேசமாட்டோம்.

2021 நவம்பர் 29-ஆம் தேதி தடுப்பூசி போட்டவர்களுக்குப் பேருந்து விட்டார்கள். எனக்கு டிக்கெட் கிடைத்தது டிசம்பரில். இருபத்தொரு மாதம். வாசலில் மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அம்மா, நீ போன்ல சின்னதா இருந்தியே" என்றாள்.

2022 ஏப்ரல் 1 முதல் தரைவழி எல்லை திறந்ததும் மறுபடி மோட்டார், மறுபடி வரிசை. முதல் வாரம் அந்தப் புகையில் நின்றபோது என் பக்கத்தில் இருந்த ஆள் சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆகவே நான் நேரத்தை எழுதி வைப்பதைப் புலம்பல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வரிசை நீளம் என்றால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். அதே சமயம், திறந்திருக்கும் வழியில் ஒரு மனுஷி நாளுக்கு மூன்று மணி நேரம் புகை குடிப்பது சரியும் இல்லை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலை 50 நிமிடம். மதியம் 18 நிமிடம்.

தைப்பூசம். ஜோகூரில் பொதுவிடுமுறை, சிங்கப்பூரில் வேலை நாள். மகள் முதல் தடவையாகப் பால்குடம் எடுக்கிறாள். முழு நாள் விடுப்பு கேட்டேன், அரை நாள் கிடைத்தது. அவளும் மாலைக்கு ஒத்துக்கொண்டாள். "நீ வந்ததும்தான் குடம் தூக்குவேன்" என்று சொல்லியிருந்தாள்.

காலையில் சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். உட்லண்ட்ஸ் சாவடியில் பழக்க தோஷத்தில் விரலை நெற்றியில் தேய்த்து வைத்தேன். திருநீறு முழுக்கக் கண்ணாடியில் அப்பிவிட்டது. சிவப்பு விளக்கு. பணியில் இருந்தவர் வந்து கண்ணாடியைத் துடைத்தார், என்னைப் பார்த்தார். "தைப்பூசமா இன்னைக்கு?" என்று தமிழில் கேட்டார். ஆமாம் என்றேன். "எனக்கும் டியூட்டி" என்றார்.

மதியம் ஒரு மணிக்குத் திரும்பினேன். இருட்டில் போய் இருட்டில் வருகிறவளுக்கு வெயிலில் அந்தக் கரை வேறு இடமாக இருந்தது. வரிசையே இல்லை. கடல் பச்சையும் பழுப்புமாகக் கிடந்தது. குழாய்களில் பெயிண்ட் உரிந்த இடங்கள் தெரிந்தன. வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பின்னால் ஹாரன் அடிக்க யாரும் இல்லை.

கோயில் வாசலில் மஞ்சள் பாவாடையோடு நின்றிருந்தாள். பின்னல் நான் போட்டேன். வகிடு நேராக வந்தது.

பிப்ரவரி 12, புதன்

காலை 1 மணி 15. மாசாய் அண்ணன் வந்திருந்தார், பஞ்சாமிர்தம் கொடுத்தேன். விரல் முதல் தடவையிலேயே ஏறியது.