ரேக் மாற்றிய பிறகும் முனகும் ஸ்டீயரிங்

"வேலை பார்க்கிறதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு." ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வரும். எனக்கு வராது. முந்தின வேலையில் எதையெல்லாம் கழற்றினார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

ஒருமுறை, வேறு இடத்தில் ரேக், அதாவது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரங்களைத் திருப்பிவிடும் பாகம், மாற்றிய கார் ஒன்று வந்தது. ஸ்டீயரிங் டைட், ஒடிக்கும்போதெல்லாம் முனகல். ஸ்டீயரிங் லேசாகத் திரும்ப ஆயிலை அழுத்தித் தள்ளும் பம்ப் போய்விட்டது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆயில் டேங்க் மூடியைத் திறந்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் வெளிறி, நுரை கட்டிக் கிடந்தது. பம்ப் மேல் பழி போடும் முன் அந்த மூடியைத் திறந்திருக்கலாம்!

ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். லைனில் ஏர் இருந்தால் அழுத்தம் ரேக்குக்கு முழுசாகப் போய்ச் சேராது, பம்ப்பும் சத்தம் போடும். அந்த ஏரை வெளியே எடுக்க, முன்சக்கரம் இரண்டையும் தூக்கி, இன்ஜினை அணைத்தபடியே, ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகத் திருப்ப வேண்டும். டேங்கில் ஆயில் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே வர வேண்டும். குமிழி நின்ற பிறகுதான் ஸ்டார்ட். அவசரப்பட்டு முதலிலேயே ஸ்டார்ட் செய்தால் பம்ப் காற்றைக் கடைந்து பொடிநுரையாக்கிவிடும். அப்புறம் அது அடங்கும்வரை வண்டியைச் சும்மா போட்டுவைக்க வேண்டியதுதான். கோடியில் ஒடித்து 5 விநாடிக்கு மேல் பிடித்திருக்கவும் கூடாது. ஆயில் ரொம்பச் சூடாகிவிடும்.

இதெல்லாம் செய்ததும் முனகல் போனது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்தால் மறுபடி நுரை. சரி, காற்று எங்கிருந்தோ புதிதாக வருகிறது. ஆனால் கீழே ஒரு சொட்டு ஆயில்கூட இல்லை. டேங்கிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸ் உறிஞ்சும் பக்கம். அங்கே இடைவெளி இருந்தால் ஆயில் வெளியே வராமலேயே காற்று உள்ளே போகும். கிளாம்ப்பைத் தொட்டதுமே தெரிந்தது: பழைய பள்ளத்தில் உட்காராமல், குழாயின் விளிம்பிலேயே நின்றிருந்தது. ஹோஸ் நுனியும் விறைத்துப்போயிருந்தது. ஹோஸையும் கிளாம்ப்பையும் மாற்றி, திரும்பவும் ஏர் எடுத்தேன். பம்ப் பழையதுதான், இன்றும் அதேதான் ஓடுகிறது.

பம்ப்பைச் சுற்றும் பெல்ட் வழுக்கினால் சத்தம் வேறு மாதிரி, கீச்சென்று வரும். தப்பான ஆயில் ஊற்றியிருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். எது என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும்.

பம்ப்புக்குப் பதில் மின்மோட்டார் வைத்த ஸ்டீயரிங்கில் ஆயிலும் இல்லை, ஏரும் இல்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், பல வண்டிகளில் கொஞ்சம் ஓட்டினாலே அணைந்துவிடும். அணையாவிட்டால் ஸ்கேனர் வைத்து, ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் ஆங்கிள் சென்சாரைச் சரிப்படுத்த வேண்டும். கூடவே ஏர்பேக் விளக்கும் எரிந்து, ஹாரனும் அடிக்கவில்லையா? ரேக்கைப் பிரித்தபோது ஸ்டீயரிங்கைக் கட்டிவைக்காமல் சுற்ற விட்டிருப்பார்கள். உள்ளே ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் கரண்ட் கொண்டுபோகும் சுருள் நாடா, கிளாக் ஸ்பிரிங், அறுந்திருக்கும்.

ஒடித்த ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை என்றால் நான் பம்ப் பக்கமோ மோட்டார் பக்கமோ போவதே இல்லை. ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடைக் கழற்றிவிட்டு சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்ப்பேன். அதிலும் இறுக்கம் இருந்தால், சக்கரம் திரும்பும் மூட்டான பால் ஜாயின்ட், முன்பக்க ஷாக் அப்சார்பரான ஸ்ட்ரட்டின் மேல் பேரிங் இரண்டில் ஒன்று.