உங்கள் விருப்பம் சார்

"பத்திரங்களைத் தனியாக ஒரு வக்கீலிடம் காட்ட வேண்டுமா? நீங்கள்தான் ரேராவில் பதிவு செய்தவராயிற்றே" என்று வீடு வாங்க வந்தவர் என்னிடம் கேட்டார். "உங்கள் விருப்பம் சார்" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். ரேரா என்பது மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டுச் சட்டம். அதன்கீழ் பதிவு பெற்ற தரகன் நான்.

பொய் சொல்லவில்லை. என் அறிமுக அட்டையில் அச்சிட்டிருக்கும் பதிவு எண் உண்மையானது. அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவர் அப்படிக் கேட்டார். ஆனால் அவர் வாங்கவிருந்தது பழைய தனி வீடு. அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பதிவு பெற்ற திட்டங்களில் மனையோ குடியிருப்போ விற்றுக்கொடுக்கும் தரகரைத்தான் கட்டுப்படுத்துகிறது. அங்கே பதிவில்லாமல் இறங்கினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். சொத்து விலையில் 5 சதவீதம் வரை போகும். மறுவிற்பனை வீட்டில் அந்த எண்ணுக்கு வேலையே இல்லை. இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

ஓய்வூதியப் பலன்களைப் போட்டு வாங்கினார். வங்கிக் கடன் என்றால் வங்கியின் வக்கீலே ஆவணங்களைத் துருவியிருப்பார். வில்லங்கச் சான்றிதழ் நான்தான் எடுத்துக் கொடுத்தேன், சுத்தமாக இருந்தது. அது பதிவான பத்திரங்களைக் காட்டும், கையெழுத்துப் போடாத மகளைக் காட்டாது. பட்டா, இறந்துபோன உரிமையாளரின் இரண்டு மகன்கள் பெயருக்கு மாறியிருந்தது. வாரிசுச் சான்றிதழ் கேட்டேன். "தாலுகா அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம்" என்றார்கள். விட்டுவிட்டேன். கூடத்துச் சுவரில் அண்ணன் தம்பிக்கு நடுவே இரட்டைச் சடையோடு ஒரு சிறுமி நிற்கும் படம் மாட்டியிருந்தது. கிரயம் முடிந்த ஐந்தாம் மாதம் அந்தப் பெண் பாகம் கேட்டு வழக்குப் போட்டார்.

வக்கீல் வேண்டாம் என்று நான் சொன்னேனா? இல்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொடுப்பவர் தானாக விசாரிக்க வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் அவரை விசாரிக்க விடாமல் செய்தது அந்த அட்டை அல்லவா? முன்பெல்லாம் தரகன் என்றாலே சந்தேகப்பட்டு நான்கு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுப்பார்கள். அந்தச் சந்தேகம் எனக்கு அவமானமாக இருந்தது. பதிவு வந்தபோது அதனால்தான் அத்தனை மகிழ்ந்தேன். அந்தச் சட்டம் வேண்டும் என்றே இன்றும் சொல்வேன். எழுதிப் பதிந்த ஒப்பந்தம் இல்லாமல் கட்டுநர் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்ற விதி எத்தனையோ பேரின் பணத்தைக் காத்திருக்கும். இவருக்கு மட்டும் அது திரையாக நின்றுவிட்டது. இல்லை, திரையாக நின்றது சட்டமா, நானா?

தரகுத் தொகையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "கொடுத்தால் தவறு உங்களுடையது என்று ஆகிவிடுமே" என்றாள். பணத்தைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.