அலைக்கு முதுகு காட்டுறது: நான் எழுதிட்டிருக்குற சர்ஃபிங் நாவல் இப்போ எங்க நிக்குது

ரொம்ப நாளா ஆபீஸ் முடிச்சிட்டு வந்து ராத்திரில கொஞ்சம் கொஞ்சமா எழுதிட்டிருக்குற இளையோர் நாவல் இப்போ முக்கால்வாசி தாண்டிடுச்சு, எது கைகூடுச்சு எது இன்னும் முரண்டு பிடிக்குதுன்னு ஒரு இடத்துல எழுதி வைக்கலாம்னு தோணுச்சு. கதை சுருக்கமா இதுதான். ஜெனிக்கு 15 வயசு, சென்னைப் பக்கம் இருக்குற கோவளத்துக்கு அருகுல நானா கற்பனை பண்ணிக்கிட்ட ஒரு மீனவர் குப்பம், வருஷம் 2013. சுனாமி வந்தப்போ அவளுக்கு 6 வயசு. அப்பா போயிட்டாரு. அதுக்கப்புறம் அவ கடல்ல கால் நனைச்சதே இல்ல. ஊர்ப் பசங்க எல்லாம் சர்ஃப் பண்ண ஆரம்பிக்கிறாங்க, அவ தம்பியும் போறான், அங்கதான் கதை கிளம்புது.

2013னு முடிவு பண்ணதுக்குக் காரணம் இருக்கு. கோவளத்துல மூர்த்தி மேகவன்னு ஒரு மீனவர், தானா சர்ஃபிங் கத்துக்கிட்டு ஊர்ப் பசங்களுக்கும் சொல்லிக் குடுத்தவரு, அங்க ஒரு சர்ஃப் ஸ்கூலே உருவாச்சு, 2013ல முதல் சர்ஃப் திருவிழா நடந்துச்சு. 2004ல குழந்தையா இருந்தவங்க சரியா அந்த நேரத்துல டீன் ஏஜ்ல இருப்பாங்க. ஒரே கடற்கரை, ஒரே தலைமுறை, ஒன்பது வருஷத்துல கடலுக்கு ரெண்டு அர்த்தம். இதை விட்டுட்டு ஹவாய்லயோ கலிஃபோர்னியாவுலயோ கதையைக் கொண்டு போய் வைக்க எனக்கு மனசே வரல.

எழுதறதுக்காக நானும் போய் கிளாஸ்ல சேர்ந்தேன். முதல்ல மணல்லயே போர்டைப் போட்டு குப்புறப் படுக்க வைப்பாங்க, கையை விலா எலும்புக்குப் பக்கத்துல ஊன்றி ஒரே மூச்சுல எழுந்து நிக்கணும், அதான் பாப்-அப், கீழ காலைப் பார்க்காம எதிர்ல கரையைப் பார்க்கணும். அப்புறம் இடுப்பளவு தண்ணிக்குக் கூட்டிட்டுப் போவாங்க. போர்டு கரையைப் பார்த்து இருக்கும், நாம அதுமேல படுத்திருப்போம், சொல்லிக் குடுக்குறவர் பின்னாடி நின்னு போர்டோட வாலைப் பிடிச்சிருப்பாரு, அலை வர்றது அவருக்குத்தான் தெரியும், நமக்குத் தெரியாது. "பேடல் பேடல் பேடல்"னு, அதாவது கையால தண்ணியைத் துழாவுன்னு கத்திட்டு ஒரு தள்ளு. அவ்ளோதான்.

இந்த இடம்தான் எனக்கு நாவலையே திறந்து விட்டுச்சு. கடல்ல எல்லாத்தையும் இழந்த ஒரு பொண்ணு கடலுக்கு முதுகு காட்டிப் படுக்கணும், பின்னாடி வர்ற அலையை அவளுக்குப் பதிலா இன்னொருத்தர் பார்ப்பாரு. நம்பிக்கைங்கறதை விளக்கி ஒரு பக்கம் வசனம் எழுத வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு, அவ திரும்பித் திரும்பிப் பார்த்தா போதும். ஜெனி மூணு அத்தியாயம் முழுக்க திரும்பிப் பார்த்துக்கிட்டே இருக்கா, அதனால பேலன்ஸ் போய் விழுந்துக்கிட்டே இருக்கா. அவளுக்குச் சொல்லிக் குடுக்குற அந்தோணி அண்ணன் ஒரு தடவை கூட "பயப்படாத"ன்னு சொல்றதில்ல. "நான் சொல்லாம போர்டை விட மாட்டேன், நீ வேணாம்னா இந்த அலையை விட்டுடலாம்", இதை மட்டும்தான் சொல்றாரு, சொன்ன மாதிரியே நடந்துக்குறாரு. அவ வேணாம்ங்குறா, விட்டுடறாங்க. மறுபடி வேணாம்ங்குறா, மறுபடி விட்டுடறாங்க. படிச்சுப் பார்த்த ஃபிரண்ட் ஒருத்தி இந்த இடம் இழுவையா இருக்குன்னு சொன்னா, ஆனா நான் குறைக்கப் போறதில்ல, ஏன்னா அவ "வேணாம்"னு சொன்னதை ஒரு பெரியவங்க கேட்டு நடக்குறதே அவ வாழ்க்கையில அதுதான் முதல் தடவை. தென்னாப்பிரிக்காவுல கேப் டவுன் பக்கம் வேவ்ஸ் ஃபார் சேஞ்ச்னு ஒரு அமைப்பு, கஷ்டமான சூழல்ல வளர்ற பிள்ளைங்களுக்கு சர்ஃபிங் வழியா மனசைத் தேத்துறாங்க, அதே ஊர்லயே வளர்ந்த இளைஞர்கள்தான் அங்க கோச். அதைப் படிச்சதுக்கு அப்புறம்தான் அந்தோணி வெளியூர்க்காரரா இருக்கக் கூடாதுன்னு உறுதியா முடிவு பண்ணேன்.

லீஷ் பத்தி தனியா சொல்லணும். போர்டையும் நம்ம பின்னங்காலையும் இணைக்குற கயிறு அது, கணுக்கால்ல வெல்க்ரோ பட்டை மாதிரி சுத்தி ஒட்டிக்கும். தண்ணிக்குள்ள விழுந்தா போர்டு இழுக்கும், யாரோ காலைப் பிடிச்சு இழுக்குற மாதிரியே இருக்கும். எனக்கே முதல்ல ஒரு நொடி திக்குன்னு ஆச்சு. சுனாமி அன்னிக்கு எத்தனையோ பொம்பளைங்க சேலை முள்ளுச் செடியில சிக்கி வெளிய வர முடியாமப் போனாங்க, அப்படி இருக்கறப்போ ஜெனிக்கு இந்த இழுப்பு என்ன பண்ணும்? அதனால அவளோட முதல் பாடம் அலையே கிடையாது. மணல்ல உட்கார்ந்து லீஷைக் கட்டுறது, கண்ணை மூடிக்கிட்டு ஒரே இழுப்புல பிச்சு எடுக்குறது, திரும்பக் கட்டுறது, இவ்ளோதான். தன்னைக் கட்டியிருக்குறதை தானே அவுக்க முடியும்னு கைக்குத் தெரியணும், மண்டைக்குத் தெரிஞ்சா பத்தாது. இதுவரைக்கும் எழுதினதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச அத்தியாயம் இதுதான்.

அடுத்தது சுனாமி வர்ற பகுதி. கடல் முதல்ல உள்வாங்கும், மீன் எல்லாம் தரையில துள்ளும், பிள்ளைங்க பொறுக்க ஓடும், இப்படித்தான் எல்லாரும் எழுதறாங்க. தாய்லாந்துப் பக்கம் அப்படித்தான் நடந்துச்சு. ஆனா சுமத்ராவுக்கு மேற்க நம்ம பக்கம் வந்த அலைக்கு முகடுதான் முன்னாடி, அதனால இங்க தண்ணி முதல்லயே ஏறுச்சு, உள்வாங்குனது அதுக்கு அப்புறம். ஒரு பொண்ணோட ஞாபகத்தை எழுதும்போது இந்த வரிசை மாறவே கூடாது. டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை காலை. ஜெனி வேதக்காரக் குடும்பம், முந்தின நாள் போட்ட புது கவுனைக் கழட்ட மாட்டேன்னு அழுது அதோடவே இருக்கா. 6 வயசுப் பிள்ளைக்கு முழுக் கதையா ஞாபகம் இருக்காது, துண்டு துண்டாத்தான் இருக்கும், டீசல் வாசனை, கவுன் ஈரமாகி கனத்தது, யாரோ தலைமுடியைப் பிடிச்சுத் தூக்குனது. அதனால அந்தப் பகுதியை ஒரே காட்சியா எழுதாம புத்தகம் முழுக்க பிச்சுப் போட்டிருக்கேன், போர்டுல மெழுகு தேய்க்குற வாசனை வந்தா டக்குன்னு ஒரு துண்டு, தலைமுடி ஈரமானா இன்னொரு துண்டு.

அந்தோணியோட அப்பா கட்டுமரம் ஓட்டுனவரு. நாவல்ல அதிகம் பேசாத ஆள் அவருதான், ஆனா முக்கியமானதை அவருதான் பண்றாரு. காலைல கச்சான் காத்து வீசும்போது ஜெனியைக் கரையில உட்கார வெச்சு அலையை எண்ணச் சொல்றாரு. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல பத்து, பன்னெண்டு நொடி. நுரை வருது, திரும்பிப் போகுது. "அன்னிக்கு வந்த தண்ணி திரும்பிப் போகல தாயி, அது வந்துகிட்டே இருந்துச்சு. இது வேற"ன்னு சொல்றாரு. விஞ்ஞானமும் அதேதான் சொல்லுது, சாதாரண அலையோட இடைவெளி நொடிக் கணக்கு, சுனாமியோடது பல நிமிஷக் கணக்கு, அதனாலதான் அது ஒரு அலையா உடைஞ்சு முடியாம ஊருக்குள்ள ஏறிக்கிட்டே போச்சு. இதை எந்த டாக்டரும் அவளுக்குச் சொல்லல. எண்ணத் தெரிஞ்சதும் அவ உடம்பு ரெண்டையும் வேற வேறயாப் பிரிச்சுப் பார்க்க ஆரம்பிக்குது. தெண்டி, வன்னின்னு நீரோட்டத்துக்கு அவர் சொல்ற பேர் எல்லாத்தையும் அவ நோட்டுல எழுதிக்குறா.

இதுல நான் பிடிவாதமா இருக்குற ஒரு விஷயம், கடைசியில ஜெனி கடலை மன்னிச்சுட்டா, கடல் அவளுக்கு ஃபிரண்ட் ஆயிடுச்சுன்னு எழுத மாட்டேன். கடலம்மான்னு கும்பிடுற ஜனங்களே கடலை நம்பிட மாட்டாங்க, வானத்தையும் நீரோட்டத்தையும் பார்த்துட்டுத்தான் இறங்குவாங்க. அவ நம்பக் கத்துக்குறது பின்னாடி நிக்குற ஒரு மனுஷனை, அப்புறம் தன்னோட சொந்தக் கண்ணை. பின்னாடி யாரும் தள்ளாம அவளே அலையைப் பார்த்து, அவளே முடிவு பண்ணி, அவளே திரும்பிப் பேடல் பண்ற இடத்துக்குத்தான் கதை போகுது. அதுல கூட அவ முதல்ல வர்ற நல்ல அலையை வேணாம்னு விட்டுடுவா.

இப்போ சிக்கி நிக்குறது அம்மா அத்தியாயம். மகள் கடலுக்குள்ள போறாள்னு தெரிஞ்சதும் அம்மா என்ன பண்ணுவாங்க? நான் எழுதினது எல்லாம் ஒண்ணு ஒரேயடியா கத்துறாங்க, இல்லன்னா ஒரேயடியா புரிஞ்சுக்குறாங்க, ரெண்டுமே பொய்யாத் தெரியுது. அவங்க மீன் விக்குறவங்க, தினமும் விடிகாலைல கரைக்கு வந்து ஏலம் எடுக்குறவங்க, மகள் ஒன்பது வருஷமா தொடாத கடலை அவங்க ஒரு நாள் கூட விட்டு விலகி இருக்க முடியல, வயித்துப் பாடு. இதை யோசிச்சப்புறம் அம்மாவோட கோபம் கடல் மேல இல்ல, தன்கிட்ட சொல்லாம வேற ஒருத்தரை நம்புனதுலதான்னு படுது. அதனால அந்த அத்தியாயத்தை வீட்டுல வைக்காம ஏலக் கூடத்துல வெச்சு, கூடைக்கு நடுவுல, விலை கேட்டுக்கிட்டே அவங்க சண்டை போடுற மாதிரி மறுபடி எழுதிட்டிருக்கேன். அதுக்காகவே இந்த வாரக் கடைசியில விடிகாலை ஏலத்தைப் போய்ப் பார்க்கப் போறேன், யார் எந்த விலையை எப்படிக் கூவுறாங்க, கோபம் வந்தா குரல் எங்க ஏறுதுன்னு காதால கேட்டுட்டுதான் மிச்சத்தை எழுதணும்.