என் விமானத்துக்குத் தலைக்கனம்

மூன்று ஞாயிறு வீணான பிறகு, இன்று காலை வறண்ட கண்மாய்க்கு மேலே என் ரிமோட் மாடல் விமானத்தைப் பறக்கவிட்டு, ரிமோட்டின் குச்சிகளை விட்டுவிட்டுப் பத்து விநாடி சும்மா வேடிக்கை பார்த்தேன். அது பாட்டுக்குப் பறந்தது!

1.2 மீட்டர் இறக்கை, டெப்ரான் (லேசான நுரை அட்டை), 850 கிராம். வேகம் பிடித்தால் மூக்கைத் தூக்கும், ஸ்டால் ஆகி (இறக்கை தூக்குவிசை இழந்து) விழும், மறுபடி தூக்கும். வால் கனம் என்று நானே முடிவு கட்டி, தூண்டில் கடை ஈயக் குண்டு 20 கிராமை மூக்கில் ஒட்டினேன். இன்னும் மோசம். மட்டமாகப் பறக்க எலிவேட்டர் (வால் மடல்) ட்ரிம்மை, அதாவது குச்சியைத் தொடாதபோது மடல் நிற்கும் நிலையை, ஏழெட்டு க்ளிக் மேலே ஏற்ற வேண்டியதாயிற்று. அங்கேதான் கோட்டை விட்டேன். கனத்த தலையைத் தாங்குவது அந்த ஏற்றிய எலிவேட்டர்தான். வேகம் கூடக்கூட அதன் பிடியும் கூடி மூக்கைத் தூக்கிவிடும்.

டைவ் டெஸ்ட்தான் உண்மையைச் சொன்னது. உயரத்தில் த்ராட்டிலை மூடி (மோட்டாரை நிறுத்தி), 45 டிகிரியில் இறக்கிக் குச்சியை விட்டேன். வெடுக்கென்று நிமிர்ந்தது. வால் கனமாக இருந்தால் நிமிராமல் குத்திக்கொண்டே போயிருக்கும்.

ஈயத்தைப் பிடுங்கி, பேட்டரியையும் 10 மி.மீ. பின்னால் தள்ளினேன். இரண்டு பென்சில்களின் ரப்பர் முனையில் நிறுத்திப் பார்த்தால், 200 மி.மீ. அகல இறக்கையில் சி.ஜி. (எடை சமநிலைப் புள்ளி) முன் விளிம்பிலிருந்து 48 மி.மீ.யில் இருந்தது 56 மி.மீ.க்கு வந்திருந்தது. ட்ரிம் நடுவுக்கே திரும்பிவிட்டது.

ஆனாலும் த்ராட்டிலைத் திறந்த அந்த நொடியில் ஒரு துள்ளல். அது மோட்டார் கோணம். மேல் திருகு இரண்டிலும், மோட்டாரைத் தாங்கும் மவுன்ட்டுக்குப் பின்னால், இரண்டிரண்டு எம்3 (3 மி.மீ. திருகுக்கான) வாஷர் வைத்தேன். ஒன்றின் தடிமன் அரை மி.மீ.; மேல், கீழ்த் துளைகளுக்கு நடுவே 25 மி.மீ.; ஆக, இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் மேல் கீழ்நோக்கிச் சாய்வு. கணக்கு சுலபம், செருகுவதுதான் சித்திரவதை. விரல் நுழையாது, திருகு தொட்டதுமே வாஷர் உள்ளே விழும். மூன்று முறை விழுந்த பிறகு துளி கிரீஸ் தடவி ஒட்டவைத்துச் செருகினேன். துள்ளல் போயே போச்சு.

அடுத்தது 2 மீட்டர் கிளைடர். அதற்கென்று தபாலில் வரவழைத்த பால்சா (லேசான மரப் பலகை), பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து வந்திருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டால் கடையிலிருந்து பதிலே இல்லை.

அதற்கு முன் இதில் இடது இறக்கை லேசாகச் சரிகிறதே, அதைப் பார்க்க வேண்டும். வலது நுனியில் பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயத்தை ஒட்டினேன். 9 கிராம், வலப்பக்கம் சாய்த்துவிட்டது. நாளைக்கு ஒரு ரூபாய்.