பெட்டியில் ஒரு துண்டுக் காகிதம்

ஜெர்மனிக்குக் குடிவருகிறவர்கள் என்னென்ன எடுத்துவர வேண்டும் என்று கேட்டால் குக்கர், இட்லித் தட்டு, மசாலாப் பொடி என்று எல்லாரும் பட்டியல் போடுவார்கள். நான் அதோடு ஒரு துண்டுக் காகிதத்தையும் சேர்க்கச் சொல்வேன். வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருடைய பாத நீளமும் அதில் மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். இங்கே வந்து இறங்கியதும் வாடகைக்கு அடுத்தபடியாகப் பணம் கரைவது காலணியில்தான்.

ஈரோட்டில் இருந்தவரை ஆளுக்கு ஒரு செருப்பு, வெளியே போக ஒரு ஷூ, அவ்வளவுதான். இங்கே எர்லாங்கனில் மகளைக் கிண்டர்கார்டனில் சேர்த்த அன்றே கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். வகுப்புக்குள் போட ஒரு செருப்பு, சேற்றில் விளையாட ரப்பர் பூட்ஸ், குளிர் வந்ததும் உள்ளே கம்பளி வைத்த பூட்ஸ். பெரியவர்களுக்கும் கோடைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று வேண்டும். கடைக்குப் போனால் அலமாரியில் 27, 38, 42 என்று எண்கள். நமக்குத் தெரிந்ததோ 6, 7, 8. கைபேசியில் ஒரு மாற்றுப் பட்டியலைத் திறந்தால் 9-க்கு நேராக 43 என்கிறது. இன்னொன்று 43½ என்கிறது. வேறொன்றில் 44.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. ஊரில் நாம் சொல்லும் நம்பர் பிரிட்டிஷ் நம்பர். அதன் அலகு ஒரு வாற்கோதுமை மணி. மூன்று மணியை நீளவாக்கில் அடுக்கினால் ஓர் அங்குலம் என்பது இங்கிலாந்தின் பழைய கணக்கு. அதனால் 7-க்கும் 8-க்கும் நடுவே மூன்றில் ஒரு பங்கு அங்குலம், அதாவது 8.47 மில்லிமீட்டர் இடைவெளி. ஜெர்மனியும் மற்ற ஐரோப்பிய நாடுகளும் பயன்படுத்துவது பாரிஸ் பாயின்ட். அது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, 6.67 மில்லிமீட்டர். படியின் உயரமே வேறாக இருக்கும்போது இரண்டு ஏணியும் எல்லா இடத்திலும் எப்படி ஒட்டும்?

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பெரியவர்களுடைய பிரிட்டிஷ் நம்பரோடு 25-ஐக் கூட்டி மூன்றால் வகுத்தால் அங்குலம் வரும். 8 என்றால் 33-ஐ மூன்றால் வகுத்து 11 அங்குலம், அதாவது 27.94 சென்டிமீட்டர். ஐரோப்பிய 42-ஐ மூன்றில் இரண்டால் பெருக்கினால் 28 சென்டிமீட்டர். அச்சாகப் பொருந்துகிறது. ஒரு நம்பர் தள்ளி 9-க்குப் போங்கள்: 28.79 சென்டிமீட்டர். ஐரோப்பாவில் 43 என்பது 28.67, 44 என்பது 29.33. 9 இரண்டுக்கும் நடுவில், 43-க்குச் சற்று மேலே நிற்கிறது. அதை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் போக்கில் முடிவு செய்துகொள்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த நீளம் எதுவும் நம் பாதத்தின் நீளமே இல்லை. ஷூ தைக்க உள்ளே வைக்கிற லாஸ்ட் என்ற கால் அச்சின் நீளம். விரலுக்கு முன்னால் விடும் இடமும் அதில் அடக்கம். அந்த இடத்தை ஒருவர் தாராளமாக விடுவார், இன்னொருவர் குறைத்து விடுவார். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஏற்றுமதி ஷூ தைக்கிறவர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. ஒரே நம்பர், ஆனால் ஆர்டர் கொடுத்த கம்பெனிக்கு ஏற்ப வேறு வேறு லாஸ்ட். வாங்குகிற நமக்குத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

எர்லாங்கனுக்கு மேற்கே பத்து கிலோமீட்டர் போனால் ஹெர்ட்ஸோகனவுராஹ் என்ற சிறிய ஊர். அடிடாஸும் பூமாவும் பிறந்த இடம். அடோல்ஃப் டாஸ்லரும் ரூடோல்ஃப் டாஸ்லரும் அண்ணன் தம்பிகள். சேர்ந்து நடத்திய ஷூ தொழிலைச் சண்டையில் பிரித்துக்கொண்டு, 1948-இல் அண்ணன் ரூடோல்ஃப் பூமாவையும் 1949-இல் தம்பி அடோல்ஃப் அடிடாஸையும் தொடங்கினார்கள். ஊரே இரண்டாகப் பிரிந்தது, எதிரே வருகிறவர் எந்தக் கம்பெனி ஷூ போட்டிருக்கிறார் என்று காலைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள் என்று இங்கே இன்னும் சொல்கிறார்கள். இரண்டு கம்பெனிகளின் தலைமையகமும் இன்றும் அங்கேதான். பெரிய ஃபேக்டரி கடைகளும் உண்டு. எர்லாங்கனில் இருக்கிற நம்மவர்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை அங்கே போகாமல் இருப்பது அபூர்வம்.

அடிடாஸ் ஷூவின் நாக்குப் பகுதியைத் திருப்பி உள்ளே தைத்திருக்கும் சின்னத் துணியைப் பாருங்கள். 42-க்கு அடுத்தது 42⅔, அதற்கடுத்து 43⅓, பிறகு 44. முதலில் பார்க்கும்போது விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் என் கணக்குப்படி இதைவிட நேர்மையான எண் கிடையாது. பிரிட்டிஷ் அரை நம்பர் என்பது 4.23 மில்லிமீட்டர். அதைப் பாரிஸ் பாயின்டில் சொன்னால் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு. 9 நம்பரை 43 என்றோ 44 என்றோ வளைக்காமல், இருக்கிற இடத்திலேயே 43⅓ என்று எழுதிவிட்டார்கள்.

அதே துணியில் நான் முதலில் தேடுவது ஜப்பான் எண்ணைத்தான். ஜேபி என்று போட்டு 265, 270 என்று இருக்கும். ஜப்பானில் பாத நீளத்தையே அளவாகச் சொல்வது வழக்கம். அடிடாஸ் ஆண்கள் ஷூவில் பிரிட்டிஷ் 8-க்கு ஐரோப்பிய எண் 42, ஜப்பான் எண் 265. நைக்கியில் அதே பிரிட்டிஷ் 8-க்கு 42½, 27 சென்டிமீட்டர். பிர்க்கென்ஸ்டாக் செருப்பில் 42-க்குப் பக்கத்தில் 270 என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரே 8, ஒரே 42 என்று நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் அரை சென்டிமீட்டர் இப்படியும் அப்படியும் ஆகும். ஷூவில் அரை சென்டிமீட்டர் சின்ன விஷயம் இல்லை. ஒரு நடை போய்வந்தால் கட்டைவிரல் நகம் சொல்லிவிடும்.

குழந்தைகளுக்கு வந்தால் விஷயம் இன்னும் முக்கியம். பிரிட்டிஷ் முறையில் குழந்தைகள் நம்பர் 13 வரை போய், மறுபடி 1-இல் தொடங்குகிறது. அதனால் வெறுமனே “10 நம்பர்” என்றால் நாலு வயதுக் குழந்தையா, நாற்பது வயது ஆளா என்று தெரியாது. ஐரோப்பாவில் தொட்டில் குழந்தையிலிருந்து தாத்தா வரை ஒரே வரிசை. குழந்தைகள் 10 என்பது இங்கே 28. இந்த ஒரு விஷயத்தில் ஐரோப்பிய முறைதான் நல்லது என்று தயங்காமல் சொல்வேன்.

இங்கே பல அம்மாக்கள் செய்வதைப் பார்த்து நானும் பழகிக்கொண்டது அட்டை வெட்டும் பழக்கம். கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவைப் பிரித்துத் தரையில் போட்டு, மகளை அதன்மேல் நிற்க வைக்கிறேன். உட்கார்ந்தால் பாதம் சுருங்கும், நின்றால்தான் பரவும். பென்சிலைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து இரண்டு காலையும் சுற்றி வரைகிறேன். அவளுக்குக் கூச்சம் தாங்காது, விரலை மடக்கிக்கொண்டு சிரிப்பாள். அவள் விரலை விடும்வரை காத்திருந்து மறுபடி வரைவேன். எது நீளமோ அந்தப் பாதத்தின் மிக நீண்ட விரலுக்கு முன்னால் 12 மில்லிமீட்டர் கூட்டிக் கோடு போட்டு, அந்த அளவுக்கு அட்டையை வெட்டி எடுக்கிறேன். நடக்கும்போது கால் முன்னால் நகரவும், கொஞ்சம் வளரவும் அந்த 12 மில்லிமீட்டர். கடையில் அட்டையை ஷூவுக்குள் விட்டால் முன்னாலும் பக்கவாட்டிலும் மடங்காமல் படுக்க வேண்டும். படுத்தால் அதுதான் அவள் அளவு, வெளியே என்ன எண் இருந்தாலும் சரி.

முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை நான் நம்புவதில்லை. அமுக்கினால் குழந்தை விரலை உள்ளே இழுத்துக்கொள்ளும், நமக்கு இடம் இருப்பதாகத் தோன்றும். “இறுக்குதா கண்ணு?” என்று கேட்டும் பயனில்லை. பூ போட்ட ஷூ என்றால் எவ்வளவு இறுக்கினாலும் இல்லை என்றுதான் சொல்வாள். குழந்தைகளின் பாதம் மென்மையானது, சின்ன ஷூவுக்குள்ளும் வலிக்காமல் அடங்கிவிடும். அதுதான் ஆபத்து. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அட்டையை மறுபடி வெட்டத்தான் வேண்டும்.

நல்ல குழந்தைகள் காலணிக் கடை என்றால் நீளத்தோடு அகலத்தையும் அளப்பார்கள். டபிள்யூ.எம்.எஸ். என்பது ஜெர்மனியின் குழந்தைகள் காலணி முறை. ஒவ்வொரு நீளத்திலும் அகலம், நடுத்தரம், ஒடுக்கம் என்று மூன்று வகை இருக்கும். பெரியவர்களுக்கு அகலத்தை எழுத்தில் குறிப்பதுண்டு. ஜி என்றால் சாதாரணம், ஹெச் என்றால் அகலம், கே என்றால் மிக அகலம். பிர்க்கென்ஸ்டாக்கில் பாதப் படம் வெறும் கோடாக இருந்தால் சாதாரண அகலம், உள்ளே நிரப்பியிருந்தால் ஒடுக்கம். இது நமக்கு ரொம்ப முக்கியம். நீளம் சரியாக இருந்தும் பக்கவாட்டில் பிடித்தால், நம்மவர்கள் உடனே ஒரு நம்பர் பெரிதாக வாங்குகிறார்கள். அப்போது குதிகால் கழன்று கழன்று வரும். தேவை நீளம் இல்லை, அகலம். ஹெச் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நம் பாதம் அகலம் என்பது வெறும் பேச்சு இல்லை. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை அளந்தது. இந்தியர்களின் பாதம் மேற்கத்தியரைவிட அகலமாக இருப்பது அதில் தெரியவந்தது. அதை வைத்து ‘பா’ என்ற பெயரில் இந்தியாவுக்கென்று ஒரு அளவு முறையை முன்வைத்திருக்கிறார்கள். வயதையும் ஆண், பெண் என்பதையும் வைத்து எட்டுப் பிரிவுகள். பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன அளவுக்குள் இத்தனை வருடமாகக் காலைத் திணித்துக்கொண்டிருக்கிறோம். அந்த வேலை சென்னையில் நடந்தது என்பதில் எனக்கு நிஜமாகவே பெருமை.

குளிர்காலத்துக்கு ஒரு வார்த்தை. தடித்த கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் பூட்ஸைப் போட்டுப் பார்க்க வேண்டும், அதுவும் கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில். இறுக்கமான பூட்ஸ் எத்தனை விலை கொடுத்தாலும் குளிரும், விரலைச் சுற்றி நிற்கிற காற்றுதான் சூட்டைப் பிடித்துவைக்கிறது. பனிச்சறுக்குக்குப் போனால் எண் குழப்பமே இல்லை. வாடகைக் கடையில் மோண்டோபாயின்ட் முறை, பாத நீளம்தான் அளவு. 26.5 என்று சொன்னால் எடுத்துத் தந்துவிடுவார்கள்.

ஊரிலிருந்து வரும் கேள்விகளுக்கு இப்போது எங்கள் வீட்டில் ஒரே பதில். தம்பி “அக்கா, 9 நம்பர்ல ஒரு ஷூ” என்பான். காகிதத்தில் காலை வரைந்து படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார் மாமா. படத்தில் காலின் நீளம் எப்படித் தெரியும்? ஆத்தா இருந்தவரை எங்கள் காலுக்கு ஈர்க்குச்சியை ஒடித்து அளந்து, அதை முந்தானையில் முடிந்துகொண்டு சந்தைக்குப் போவார். நம்பர் கேட்டதே இல்லை, வாங்கிவந்த செருப்பு பொருந்தாமல் போனதும் இல்லை. தம்பியிடமும் அதைத்தான் கேட்கிறேன். குதிகாலைச் சுவரில் ஒட்டி நில், விரல் நுனியில் கோடு போடு, ஸ்கேலை வைத்து மில்லிமீட்டரில் அனுப்பு. அமெரிக்காவில் இருக்கும் சித்தி மகளுக்கும் அதே பதில். அவர்கள் எண் ஆண்களுக்கு நம்முடையதைவிட அரையோ ஒன்றோ கூட, பெண்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு கூட. அதற்குள் போய் மாட்டிக்கொள்வதைவிட 242 என்று ஒரு எண்ணைச் சொல்வது எவ்வளவு சுலபம்!

இத்தனைக்குப் பிறகும் பொருந்தாமல் போகலாம், லாஸ்ட் அப்படி. ஆன்லைனில் வாங்கினால் பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. கடையில் நேரில் வாங்கியதற்கு அந்த உரிமை கிடையாது, கடைக்காரர் மனது வைத்தால்தான். அதனால் பில்லைப் பத்திரமாக வையுங்கள். புது ஷூவை முதல் இரண்டு நாள் வீட்டுக்குள் மட்டும் போட்டு நடந்து பாருங்கள். அடிப்பகுதியில் மண் பட்டுவிட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.