திண்ணையில் ஒரு கட்டு விறகு

அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் காலையில் கதவைத் திறந்தேன். திண்ணையில் ஒரு கட்டு சீகை விறகு இருந்தது. காய்ந்த விறகு. நவம்பர் மழையில் கோத்தகிரிப் பக்கம் காய்ந்த விறகு கிடைப்பது எவ்வளவு அரிது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அண்ணன் வாங்கி வைத்திருப்பான் என்று நினைத்தேன். அவனோ நான் யாரிடமோ சொல்லிவிட்டிருப்பதாக நினைத்திருக்கிறான். மூன்றாம் நாளும் ஒரு கட்டு. ஆறாம் நாளும் ஒரு கட்டு.

ஏழாம் நாள் விடியும் முன்பே எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். பனிமூட்டத்துக்குள்ளிருந்து தலையில் கட்டோடு ஒரு பெண் வந்தாள். இறக்கி வைத்தாள். சத்தம் வரக்கூடாது என்று கட்டை மெதுவாகச் சுவரோடு சாய்த்தாள். திரும்பி வேலைக்கு நடந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுக்க ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கிற பெண். தான் உயிரோடு இருந்தவரை அம்மா திண்ணையில் ஏற விடாத பெண்.

நடந்தது 2022-ல். அம்மா இல்லாமல் தனியாக வாழப் பழகியதைப் பற்றி எழுதச் சொல்லி, என்னைப் போலவே ஊன்றுகோலில் நடக்கும் ஒரு தோழி ரொம்ப நாளாகக் கேட்கிறாள். இந்த விறகிலிருந்துதான் எனக்கு ஆரம்பிக்கத் தெரிகிறது.

எனக்கு ஒன்றரை வயதில் போலியோ. 1981-ல் பிறந்தேன். காய்ச்சல் என்று அம்மா தூக்கிக்கொண்டு ஓட, டவுனில் ஒருவர் இடுப்பில் ஊசி போட்டாராம். மறுநாள் காலையில் வலது கால் துவண்டு கிடந்தது. போலியோக் கிருமி உடம்பில் இருக்கும்போது தசையில் ஊசி போட்டால் அந்தக் கால் செயலிழக்கும் வாய்ப்பு கூடும் என்று பிற்பாடு ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். அதை அம்மாவிடம் சொல்லியிருக்கவே கூடாது. "நான்தானே உன்னை அங்க தூக்கிட்டுப் போனேன்" என்பதை அவள் நாற்பது வருஷம் சுமந்தாள். 1995-ல் போலியோ சொட்டு மருந்து முகாம் தொடங்கியதிலிருந்து, முகாம் நாளன்று தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடு லைன் வீடாக ஏறி இறங்கி, அடுத்தவர் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பாள். யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை.

அம்மா இலங்கையில் பிறந்தவள். அங்கிருந்த தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா திருப்பி எடுத்துக்கொள்ளச் செய்த சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தப்படி தாத்தாவோடு கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, மலை ஏறியவள். கடைத்தெருவில் அவளை ரொம்ப காலம் "சிலோன்காரி" என்றுதான் சொன்னார்கள். அந்தச் சொல் எப்படிச் சுடும் என்று என்னிடமே சொல்லி அழுதிருக்கிறாள். அப்படிப்பட்டவள்தான், ஜார்க்கண்டிலிருந்து ஆட்கள் வந்தபோது, "இந்திக்காரங்க வந்து நம்ம கூலியைக் கெடுக்கிறாங்க" என்றாள். இந்தப் பெண் மகனுடைய பள்ளிக்கூட டவுசரைச் சின்னதாக்கித் தரச் சொல்லி வந்த அன்று, படியிலேயே நிறுத்தித் துணியை வாங்கி என்னிடம் கொடுத்தாள். நான் உள்ளே தையல் மெஷினில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்த அன்றே பேச்சு வந்தது. "இங்க தனியா என்ன பண்ணுவ? திருப்பூர் வந்துடு" என்றான் அண்ணன். அண்ணியும் மனசாரத்தான் கூப்பிட்டாள். சித்தப்பா ஒருவர் கோயம்புத்தூரில் நல்ல இல்லம் ஒன்று இருப்பதாக ஆரம்பித்தார். எல்லாரும் என்னை வைத்துக்கொண்டே, நான் அங்கே இல்லாதது போலப் பேசினார்கள். "மூணு மாசம் கொடுங்க. முடியலைன்னா நானே வர்றேன்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

முதலில் தண்ணீர். இரண்டு கையும் ஊன்றுகோலைப் பிடித்திருக்கும்போது குடத்தை எதில் எடுப்பது? நாற்பது வருஷம் அம்மா எடுத்தாள். நான் அதைப் பற்றி யோசித்ததே கிடையாது. போலியோ வந்து முப்பது நாற்பது வருஷம் கழித்து, நன்றாக இருந்த தசைகளும் சோர்ந்துபோவது உண்டு. எனக்குத் தோள்பட்டை அப்போதே வலிக்க ஆரம்பித்திருந்தது. முதல் வாரம் ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டி எடுத்தேன். இரண்டாவது நாளே பிடரி வீங்கிவிட்டது.

வேலை முடிந்து போகிற வழியில் விறகு வைத்த அந்தப் பெண் இதைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் சாயங்காலம் புருஷனையும் எட்டு வயது மகனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பையன் இங்கே அரசுப் பள்ளியில் படிக்கிறான். நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவான். "அம்மா சொல்றாங்க, குழாயிலேர்ந்து டியூப் போட்டா உள்ள டிரம்முக்கே வந்துடுமாம்" என்றான். தோட்டத்து டியூபை வாங்கி அடுப்படிவரை இழுத்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்கும் இருபத்துமூன்று படிக்கும் கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கம்பு நட்டுக் கைப்பிடி கட்டிக் கொடுத்தார்கள். அண்ணன் அனுப்பிய பணத்தில் கூலி கொடுக்கப் போனேன். அவள் புருஷன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். தேத்தண்ணி மட்டும் குடித்தார்கள். திண்ணையில் இல்லை, உள்ளே உட்கார்ந்து. அம்மாவின் படத்துக்குக் கீழே.

தண்ணீருக்கு ஒரு வழி கிடைத்தது. சாயங்காலத்துக்குத்தான் வழியில்லை. ஆறு மணிக்கு மேல் வீடு அப்படியே அடங்கிப்போகும். மெஷினில் உட்கார்ந்தால் அளவு நோட்டில் அம்மாவின் கையெழுத்து. ஒரு நாள் அழுகையை அடக்கிக்கொண்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தபோது தாயும் மகனும் வந்தார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். மகனிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனாள். பையன் சொன்னான்: "அம்மா சொல்றாங்க, நீங்க அழுறதுன்னா அழுங்களாம். அவங்க வெளிய உக்காந்திருக்காங்களாம்."

அதுவரை எல்லாரும் என்னை அழாதே என்றுதான் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு ஒரு மணி நேரம் அழுதேன். அவள் குளிரில் திண்ணையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு உள்ளே வந்து அடுப்பை மூட்டி, மீதிச் சோற்றில் கஞ்சித் தண்ணியை ஊற்றி, வெங்காயத்தை நறுக்கிப் போட்டு நீட்டினாள். அவர்கள் ஊரிலும் அதுதான் சாப்பாடாம். எனக்கு அது அம்மா செய்தது மாதிரியே இருந்தது.

அவள் கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. குந்தி மாவட்டத்து முண்டா இனப் பெண். வெள்ளையரை எதிர்த்துப் போராடிய பிர்சா முண்டாவின் படத்தைப் போனில் வைத்திருக்கிறாள். இங்கே வந்த அடுத்த வருஷம், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது, அம்மா செத்துவிட்டாள் என்று. கோயம்புத்தூரிலிருந்து தன்பாத் எக்ஸ்பிரஸில் ஏறினால் ராஞ்சி போக இரண்டு நாள். கையில் பணமும் இல்லை, பையனுக்குக் காய்ச்சல். போகவில்லை. அன்று சாயங்காலம் எடை போட்டுவிட்டு லைனுக்கு வந்து சோறு பொங்கினாளாம்.

அவர்கள் வழக்கத்தில் ஒரு சடங்கு உண்டு. உம்புல் ஆதேர் என்று பெயர். உம்புல் என்றால் நிழல். ஆதேர் என்றால் உள்ளே அழைத்து வருவது. வீட்டுக்குள் தரையில் சாம்பலைத் தூவி, விளக்கை அணைத்துவிட்டுச் சிலர் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்கள் வெளியே போய் இரும்பைத் தட்டிக்கொண்டே செத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருவார்கள். பிறகு விளக்கேற்றிச் சாம்பலில் ஏதாவது தடம் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தடம் இருந்தால் நிழல் வீட்டுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அது வீட்டின் உள்ளறையில், ஆதிங் என்கிற இடத்தில், முன்னோர்களோடு இருக்கும். அவளுடைய அண்ணன் போனில் சொன்னானாம், தடம் இருந்தது என்று. "நான் பாக்கல அக்கா" என்று அவளே தமிழில் சொன்னாள். அதை மட்டும் மகனைச் சொல்லவிடவில்லை.

நான் அப்போதுதான் அவளிடம் சொன்னேன். என் அம்மாவைப் புதைத்த இடம் இங்கிருந்து முந்நூறு மீட்டர். நானும் பார்க்கவில்லை. "நீ வராத, வழுக்கும்" என்று என்னைத் திண்ணையோடு நிறுத்திவிட்டார்கள். போனவர்கள் திரும்பிப் பார்க்காமல் வந்து, குளித்து, வீட்டைக் கழுவிவிட்டார்கள். எங்களில் அம்மாவை அனுப்பிவைக்கத்தான் எல்லாரும் அவசரப்பட்டார்கள். அவள் ஊரில் கூப்பிட்டு உள்ளே வைத்துக்கொள்கிறார்கள். எதில் உண்மை இருக்கிறது என்பது பற்றி எனக்குக் கவலையில்லை. எனக்கு எது வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அன்று இரவு அடுப்படியில் சிந்திக் கிடந்த சாம்பலைக் கூட்டாமல் விட்டேன். சின்ன வயதில் தேயிலைக் காட்டுக்குள் நான் எங்கே போனாலும் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். ஈரமண்ணில் இரண்டு வட்டம், ஒரு பாதம், பக்கத்தில் இழுத்த ஒரு கோடு. "உன் தடம் எனக்கு உன் பேர் மாதிரிடி" என்பாள். காலையில் சாம்பலில் அந்த இரண்டு வட்டமும் பாதமும் கோடும்தான் இருந்தன. என்னுடையவை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் தேடி வந்திருந்தால் சரியான வீட்டுக்குத்தான் வந்திருப்பாள்.

பிப்ரவரியில் மண் காய்ந்ததும் இடுகாட்டுக்குப் போனோம். முதல் நாளே அவள் மண்வெட்டியோடு போய், இரண்டு செங்குத்தான இடத்தில் படி வெட்டி வைத்திருந்தாள். காலைத் தாங்கும் காலிப்பர் சட்டத்தை இறுக்கிக்கொண்டு கிளம்பினேன். அப்படியும் ஓரிடத்தில் முடியவில்லை. உரச்சாக்கை விரித்து உட்கார்ந்து சறுக்கினேன். அவள் எனக்குக் கீழே இறங்கி இறங்கி நின்றாள். முந்நூறு மீட்டருக்கு ஐம்பது நிமிஷம். மேட்டில் புல் முளைத்திருந்தது. நான் அதைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் ஓடைக்குப் போய் ஒரு தட்டைக் கல்லைத் தூக்கிவந்து தலைமாட்டில் வைத்தாள். அவர்கள் ஊரில் முன்னோர்களின் கல்லறைக் கற்கள்தான் அந்த மண் யாருடையது என்பதற்குச் சாட்சியாம். "இதுதான் பட்டா அக்கா" என்றாள். கப்பலில் வந்து, அடுத்தவர் லைனில் வாழ்ந்து, ஓய்வுப் பணத்தில் மூன்று சென்ட் வாங்கிய என் அம்மாவின் தலைமாட்டில்.

காகிதப் பட்டாவுக்கான அலைச்சலையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். வீட்டில் நடக்கும் இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். கிராம ஊராட்சியென்றால் வி.ஏ.ஓ.தான் பதிவாளர். அந்தச் சான்றிதழை வைத்து இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்தோம். தாசில்தார் கையெழுத்தாகி வந்தது. அம்மா உயில் எழுதவில்லை. அப்பா முன்பே போய்விட்டதால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி எனக்கும் அண்ணனுக்கும் சமபங்கு. மூன்று மாதம் முடிந்து வந்தவன் கைப்பிடியையும் டியூபையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. "என் பங்கை உனக்கே விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துடறேன்" என்றான். அவன் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை.

பதிவு அலுவலகம் மாடியில். அங்கிருந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு அண்ணனிடம், "இவங்களுக்குப் பதிலா யார் கையெழுத்து போடுறது?" என்றார். கை என்னுடையது, நல்ல கை, பத்தொன்பது வருஷமாக ஊருக்கே ஜாக்கெட் தைக்கிற கை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, சொத்தை வைத்துக்கொள்ளவும் வாரிசாகப் பெறவும் எனக்கு எல்லாரையும் போல உரிமை உண்டு என்கிறது. அதைச் சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனாலும் சொல்லி முடித்தேன். உடம்பு முடியாதவர்கள் நேரில் வரத் தேவையில்லை, அதிகாரியே வீட்டுக்கு வரவோ ஆள் அனுப்பவோ வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் 38-ஆவது பிரிவு இருக்கிறது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு முன்பே தெரியட்டும். நான் அன்றைக்கு ஒவ்வொரு படியாக ஏறினேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்த அவள் பின்னாலேயே ஏறினாள். தூக்கவில்லை, பிடிக்கவில்லை. விழுந்தால் தாங்குகிற தூரத்தில் இருந்தாள்.

அடுத்த வருஷம் மே மாதம் அவள் ஊருக்குப் போனாள். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. லைன் வீட்டுச் சாவியையும் இரண்டு கோழிகளையும் என்னிடம் விட்டுவிட்டு, கிளம்பும்போது, "அம்மா பேர் என்ன அக்கா?" என்று கேட்டாள். இத்தனை நாளும் கேட்டதில்லை. சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நான்காம் நாள் சாயங்காலம் போன் வந்தது. எடுத்தால் பையன். பின்னால் கோழிச் சத்தம், யாரோ பெண்கள் பேசும் சத்தம்.

"ஆன்ட்டி, அம்மா உள்ளறையில இருக்காங்க. இப்பப் பேச முடியாதாம்."

"சரிடா கண்ணு. அழுறதுன்னா அழட்டும்னு சொல்லு. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

போனை வைக்காமல் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தேன்.