சிக்குக் கோலமும் 0.693-உம்

ஆகஸ்ட் 5, பெங்களூரு

ஒரு பொருளில் எந்தச் சமச்சீர்மை முறிந்திருக்கிறது என்று பார்த்து அதன் நிலையை அடையாளம் காண்பது இயற்பியலாளர் லாண்டா காட்டிய வழி. காந்தத்துக்கும் படிகத்துக்கும் அது இன்றும் போதும். ஸ்பின்களை, அதாவது குட்டிக் காந்தம்போல் நடக்கும் குவாண்டம் துகள்களை, ஒரு கட்டத்தில் அடுக்கி இயற்பியலாளர் கிட்டாயெவ் அமைத்த டோரிக் கோட் மாதிரிக்குப் போதாது. அங்கே எந்த ஸ்பின்னைத் தனியே அளந்தாலும் ஒழுங்கு எதுவும் தென்படாது. ஒழுங்கு முழுவதும் ஸ்பின்களுக்கு இடையிலான குவாண்டம் பின்னலில், அதாவது தனித்தனியே விவரிக்க முடியாதபடி அவை பிணைந்திருப்பதில், இருக்கிறது.

ஆகஸ்ட் 7

அண்டை ஸ்பின்கள் ஒன்றையொன்று ஒரே திசைக்கு இழுக்கும் வரிசையான ஐசிங் சங்கிலியைக் குறுக்குக் காந்தப் புலத்தில் வைத்து, நடுவில் வெட்டி, இரு பாதிகளும் எவ்வளவு பின்னியிருக்கின்றன என்று அளக்கும் பின்னல் என்ட்ரோபியைக் கணக்கிட்டேன். சங்கிலியை எவ்வளவு நீட்டினாலும் அது ஓர் அளவில் நின்றுவிடுகிறது. ஒரு நிலை இன்னொன்றாக மாறும் மாறுநிலைப் புள்ளியில் மட்டும் நீளத்தின் மடக்கையோடு ஏறிக்கொண்டே போகிறது. சாய்வு 1/12-ஐ ஒட்டி வந்தது. முனைகள் திறந்த சங்கிலிக்குக் கோட்பாடு சொல்வதும் அதுவே.

ஆகஸ்ட் 10, ஆடி ஞாயிறு

அல்சூரில் அத்தை வீட்டு வாசலில், அரிசி மாவில் அவர் இழுத்திருந்த சிக்குக் கோலத்தின் முன் வெகுநேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். புள்ளிகளைச் சுற்றி வளையும் இழைகள் எங்கும் அறுபடாமல் தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்கின்றன. கோலத்தின் ஒரு பகுதியை மனத்துக்குள் வட்டமிட்டு, அந்த வட்டத்தை இழைகள் எத்தனை இடங்களில் கடக்கின்றன என்று எண்ணினேன்: 12. வட்டத்தைப் பெரிதாக்கினேன்: 18. உள்ளே நுழைந்த இழை வெளியேறித்தான் ஆக வேண்டும் என்பதால் ஒற்றைப்படை வரவே வராது.

“கோலத்துல கூடவா கணக்கு? மிதிச்சிடாம எண்ணுப்பா” என்றார் அத்தை.

கோலம் ஒன்றுதான், டோரிக் கோட் மாதிரியின் அடிநிலையிலோ (ஆற்றல் மிகக் குறைந்த நிலை) ஸ்பின்கள் வரையும் இத்தகைய மூடிய இழைக் கோலங்கள் அத்தனையும் ஒரே சமயத்தில் சம எடையில் மேற்பொருந்தி இருக்கின்றன. அங்கே வட்டமிட்ட பகுதியின் எல்லையில் 100 இடங்கள் இருந்தால் ஒவ்வொன்றிலும் இழை வரலாம், வராமலும் போகலாம். ஆனால் 99 இடங்களைப் பார்த்துவிட்டால் நூறாவது தானே தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே என்ட்ரோபி எல்லையின் நீளத்துக்கு ஏற்ப வளர்ந்தாலும், அதில் 2-இன் இயல் மடக்கை, அதாவது ஏறத்தாழ 0.693, எப்போதும் குறைகிறது; எல்லை எவ்வளவு நீண்டாலும் அந்தக் குறைவு மாறுவதில்லை. 2006-இல் கிட்டாயெவும் பிரெஸ்கிலும் ஒரு கட்டுரையில், லெவினும் வென்னும் இன்னொன்றில், இந்தக் குறைவையே நிலையின் அடையாளமாக முன்வைத்தார்கள். எவ்வளவு அழகான எண்ணம்!

ஆகஸ்ட் 13

ஒற்றை எண் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. இரட்டை செமியான் என்ற இன்னொரு இழை மாதிரியிலும் அதே 0.693 தான் குறைகிறது, ஆனால் அதன் துகள்கள் வேறு வகையினவை. என்ட்ரோபியாகச் சுருக்குவதற்கு முன் உள்ள பின்னல் நிறமாலையையே, அதாவது அந்த என்ட்ரோபி எந்த மட்டங்களிலிருந்து கணக்கிடப்படுகிறதோ அவற்றின் முழு வரிசையையே, பார்க்க வேண்டும் என்று லீயும் ஹால்டேனும் 2008-இல் காட்டியது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. இரவு ஸ்பின் 1 சங்கிலியை ஓடவிட்டேன். ஹால்டேனின் பெயரைத் தாங்கிய அதன் நிலையில் நிறமாலையின் மட்டங்கள் அனைத்தும் இரட்டை இரட்டையாக அமர்ந்திருந்தன. ஒவ்வொரு ஸ்பின்னின் திசைச்சார்பையும், அதாவது சில திசைகளை மட்டும் அது விரும்பும் அளவையும், மெல்ல ஏற்றிக்கொண்டே போனேன். அது அண்டை ஸ்பின்களுக்கு இடையிலான இணைப்பு வலிமையை நெருங்கிக் கடந்ததும், அடிமட்டம் தன் இணையை விட்டுத் தனித்து இறங்கியது: சங்கிலி ஹால்டேன் நிலையை விட்டுவிட்டது.